நானூறு பக்கம்

வடக்கு ஆவணி மூல வீதியில்
பைண்டிங் கடைக்காரர் கேட்டார்,
"எத்தனை பக்கம் போடட்டும்?"

கமிட்டியில் அதைப் பேசியிருக்கவில்லை.
பந்தலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம்.
மட்டனா சிக்கனா என்பதை
ஆசீர்வாதம் சொல்லி எழுந்த பிறகும் பேசினோம்.
நூற்றைம்பதாம் ஆண்டு மலரின் அட்டையில்
கோபுரம் போதும், என் படம் வேண்டாம் என்று
ஆயரே சொல்லும்வரை பேசினோம்.
ஞானஸ்நானப் பதிவேடு நிறைந்துபோனது மட்டும்
பொருளாளரான என் நோட்டில்
'இதர செலவு' என்று ஒரு வரி.

நானூறு, என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
வாடிப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்துதான் யோசித்தேன்.
சிவப்பு காலிகோ அட்டை, முனைகளில் தோல்.
மடியில் கைக்குழந்தை மாதிரி கனத்தது.
மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம்
கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா?
டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
பக்கத்துக்கு நான்கு பெயர்,
ஆக ஆயிரத்து அறுநூறு.
போன வருடம் ஞானஸ்நானம் மூன்று,
அதற்கு முந்தின வருடமும் மூன்று.
இது நிறைய
ஐந்நூற்று முப்பத்துமூன்று வருடம்,
கொசுறாக நான்கு மாதம்.

செயலாளர் சாமிதாஸ் சிரித்து, சிரிப்பு இருமலாகி,
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
"எண்பது பக்கம் போதாதாக்கா?
கல்லறைத் தோட்டத்திலேயே பதினோரு குழிதான் மிச்சம்.
பிள்ளைகள் எல்லாம் ஓசூர், திருப்பூர், தோஹா."
நான் பில்லை நீட்டினேன்.
இருமிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

விழாவன்று பழைய ஏடுகள் மூன்றையும்
வெள்ளைத் துணி விரித்து மேஜையில் வைத்தோம்.
முதல் ஏட்டில் ஒரு கரையான்
முதல் பக்கத்தில் நுழைந்து
அறுபத்தேழாம் பக்கத்தில் வெளியேறியிருக்கிறது.
ஒருத்தி பெயரின் நடு எழுத்து,
அவள் பேரன் பெயரின் கடைசி எழுத்து,
இரண்டும் அதற்கு ஒரே பசி.

'பேச்சி என்கிற ராகேல்.
வயது இருபது என்கிறாள். தொழில், கூலி.
சாட்சி: ஒருவரும் வரவில்லை.'

பெங்களூரிலிருந்து வந்திருந்த சற்குணம்
அதை வாசித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.
அழுதாரா, நுனியில் அழுக்கு இருந்ததா, தெரியவில்லை.
நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த முதல் வருடம் மொத்தம் நான்கு பெயர்.
தாது வருஷப் பஞ்சத்தில்
பெயரே இல்லை, குறுக்கே ஒரு கோடு.
ஏட்டுக்கோ முந்நூறு பக்கம்.
நான்கு பேருக்கு முந்நூறு பக்கம் வாங்கியவர்
மதுரைக்கு மாட்டு வண்டியில் போயிருப்பார்.
திரும்பும் வழியில்
அவரும் வகுத்துப் பார்த்திருப்பாரோ?

ஆராதனையில் ஒரே ஒரு ஞானஸ்நானம்.
நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும்
பிரதாப் டிகலின் மகள்.
ஆறு மாதமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
கீர்த்தனைக்கு உதடு மட்டும் அசைப்பான்;
அவன் மனைவி இப்போது சத்தமாகவே பாடுகிறாள்,
ழகரம் மட்டும் அவள் ஊர் வழியாகச் சுற்றி வருகிறது.
தண்ணீர் பட்டதும் பிள்ளை
மைக் வேண்டாத குரலில் அழுதது.

உடுப்பு அறையில் பேனாவைத் திறந்தேன்.
பெயர், அனுபமா.
ஊர் எது என்றேன். கந்தமால், என்றான்.
எழுதிக் காட்டினேன், தலையாட்டினான்,
அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
சாட்சிக்குக் கட்டம் ஒன்றுதான்.
நான் கிருபாவதி என்று போட்டு முடிப்பதற்குள்
சாமிதாஸ் பேனாவை வாங்கினார்,
அவரிடமிருந்து சற்குணம்,
பிறகு பந்தியைக் கவனிக்க வேண்டிய இரண்டு பேர்.
பெயர்கள் ஓரத்தில் ஏறி, வளைந்து,
அடுத்த கட்டத்துக்குள் இறங்கிவிட்டன.
ஆடிட்டில் இது நிற்காது.

வெளியே மட்டன் தீர்ந்துவிட்டது என்று சத்தம்.
மை காயவில்லை. மூட முடியாமல்
மின்விசிறிக்குக் கீழே கையால் பிடித்தபடி நிற்கிறேன்.
முதல் பக்கத்தில் இன்னும் மூன்று,
இல்லை,
இரண்டரைப் பேருக்கு இடம்.