சுருட்டருக்கு ஐஸ்கட்டி

நிலக்கீழ் அறை. ஐந்து பேர். மூன்று மெத்தை.
ஜன்னலால் தெரிந்ததெல்லாம்
கோத்-தே-நேஜ் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து.
ரிவி குப்பையோடு வீதியோரம் கிடந்தது.
குலவீரன் அதைத் தோளில் சுமந்து வந்தான்,
பனியில் இரண்டு தரம் விழுந்து,
இரண்டு தரமும் ரிவியை விழவிடாமல்.
சட்டைக்கொழுவியை முறுக்கி அன்ரெனா செய்தோம்.

எண்பத்தாறாம் ஆண்டு, மொன்றியல்,
சனிக்கிழமை பின்னேரம் மல்யுத்தம்.
அறிவிப்பாளர் பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவார்.
எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது.
ஆகவே பேர்களை நாங்களே வைத்தோம்.
சுருட்டுப் புகைத்தபடி கயிறு தாண்டி வருபவர் சுருட்டர்.
நல்லவர், மஞ்சள் காற்சட்டை.
அசையாமல் நிற்கிற நானூறு றாத்தல், பெட்டகம்.
முகமூடிக்காரனுக்கு மட்டும் பேர் வைக்கவில்லை.
அவன் வந்தால் சிவநேசராசா எழும்பி
தேத்தண்ணி போடப் போய்விடுவான்.
ஏனென்று நாங்கள் கேட்டதில்லை.

அறிவிப்பும் எங்களுடையதுதான்.
சத்தத்தைக் குறைத்துவிட்டு
அகப்பையை மைக்காகப் பிடிப்பான் கிளறன்ஸ்:
"இதோ, சுருட்டர் கண்ணில் உப்புத் தூவுகிறார்!
நடுவரோ சப்பாத்துக் கயிறு கட்டுகிறார்!
அநியாயம், அன்பர்களே, அநியாயம்!"
மேல்வீட்டுக் கிரேக்கத் தையல்காரி
தும்புத்தடியால் இடிப்பாள், எங்கள் முகட்டில்.

குலவீரன்தான் ஒருநாள் சொன்னான்:
"அடி விழ முதலே அவன் விழுகிறான், கவனியுங்கோ.
முழுக்கப் பொய்."
அன்றிரவு அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை.
வழக்கு விசாரணைக்காக
நடந்ததை நடந்தபடி
நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மாதம் அது.
பொய் என்ற சொல் அறைக்குள் ஆகாது.

நான் கோப்பை கழுவியது ஷான்-தலோனில்,
விடியும்வரை திறந்திருக்கும் சாப்பாட்டுக்கடையில்.
மாசி மாதச் செவ்வாய், சாமம் ஒரு மணி,
மூலை மேசைக்கு ஒரு வாளி ஐஸ்கட்டி கேட்டார்கள்.
கொண்டுபோனேன்.
மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர்
முழங்காலைக் கதிரையில் நீட்டியிருந்தார்.
மணிக்கட்டில் கட்டு.
சட்டைப் பையில் பற்றவைக்காத சுருட்டு.
எதிரே, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில்,
மஞ்சள் காற்சட்டை.
சுருட்டரின் இறைச்சியை
நல்லவர் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஐஸ் வாளியோடு நான் நின்ற நிலையில்
அவருக்கு விளங்கிவிட்டது.
"பார்ப்பாயோ?"
"ஒவ்வொரு சனியும்."
"என்னைத் திட்டுவாயோ?"
என் ஓட்டை ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன்:
ஐந்து பேரும். தமிழில்.
"நல்லாத் திட்டுங்கோ, அதுதான் என் வாடகை" என்றார்.
பிறகு கேட்டார், என்னவென்று திட்டுவீர்கள்.
சொல்லிக் கொடுத்தேன்.
வாய்க்குள் போட்டு மூன்று தரம் உருட்டிப் பார்த்தார்.
நல்லவருக்குச் சிரிப்பில் புரைக்கேறியது.

அறையில் நான் மூச்சுவிடவில்லை.
அடுத்த சனி, அதற்கடுத்த சனி,
எல்லாரையும் விட உரத்துக் கத்தினேன்.
மூன்றாம் சனி
மஞ்சள் காற்சட்டையைக் கயிற்றில் சிக்கவைத்துவிட்டு
சுருட்டர் கமராவுக்குக் கிட்ட வந்தார்,
ரிவி கொள்ளாத முகம்,
எங்கள் ஐந்து பேரையும் பார்த்து
"மூ... தெவீ!" என்றார்.

கிளறன்ஸின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.
"என்ன சொன்னவன்?
அவன் இப்ப என்ன சொன்னவன்?"
"பிரெஞ்சாயிருக்கும்" என்றேன்.

வழக்குகள் ஒவ்வொன்றாய் முடிந்தன,
ஆட்கள் ஒவ்வொரு பக்கமாய்ப் போனார்கள்.
போன கிழமை வின்னிபெக்கிலிருந்து சிவநேசராசா.
பேத்தியின் பிறந்தநாள், சுகர், முழங்கால் நோ,
எல்லாம் கதைத்து வைக்கப் போகிற நேரம்:
"மச்சான், உண்மையைச் சொல்லு.
அண்டைக்குச் சுருட்டர் மூதேவி எண்டவர்தானே?"

பிரெஞ்சு, என்றேன்.
முப்பத்தெட்டு வருசமாய் நான் காக்கிற
ஒரேயொரு தொழில் ரகசியம்.