இருபத்தைந்து மீன்

பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்ட டிசம்பர்.
ஐஸ்லாந்தின் மேற்குக் கரை, பீல்துதாலூர் மீன்கூடம்.
ஸ்துர்லாவின் படகு இறக்கிய ஹேடக் மீன்கள்
பனிக்கட்டிக்குள் ஒரு தொட்டி, எண்ணூற்றுச் சொச்சம்.
போலந்திலிருந்து வேலைக்கு வந்த யாகோடா
கையுறைக்கு மேல் கையுறை மாட்டி
கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு
இருபத்தைந்தை எடுக்கிறாள், நிறுக்கிறாள்.
சராசரி 1.86.

இரண்டு கிலோவைத் தொட்டால் ஒரு விலை.
தொடாவிட்டால் வேறு விலை.
"இன்னொரு தரம் எடு."
எடுத்ததைத் திரும்பப் போட்டு, புரட்டி,
மறுபடி இருபத்தைந்து.
2.14.

அதே தொட்டி. அதே தராசு. அதே கை.
"பொய் சொல்வது மீனா, நீயா?"

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு.
அந்தத் துறைமுகத்தில் யாருக்கும் அது தெரியாது.
தெரிந்திருந்தால் யாகோடா மறித்திருப்பாள்:
ஒரே உலையில் கொதித்த அரிசிக்குச் சரி,
குஞ்சும் கிழடும் ஒரே வலையில் ஏறிய தொட்டிக்கு?

வியாழன் இரவுகளில் அவள் புள்ளியியல் படிக்கிறாள்,
பாதி புரியும் மொழியில், கணினித் திரையில்.
பாடத்தில் நாணயம் சுண்டுகிறார்கள்.
நாணயத்துக்குக் கவிச்சி இல்லை,
கடன் தவணையும் இல்லை.

அன்று ஆட்கள் கலைந்ததும்
கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டினாள்.
எடு, நிறு, போடு, புரட்டு.
இருபத்தைந்து மீனுக்கு ஒரே ஒரு கறுப்புப் புள்ளி.
1.97. 2.31. 1.72. 2.05.
ஒருமுறை 2.46 வந்தபோது அவளே மிரண்டாள்,
திரும்ப எண்ணினாள், கை தவறவில்லை.

பத்துப் புள்ளியில் அது ஈ மொய்த்த தாள்.
இருபதில் ஒரு சந்தேகம்.
நாற்பதாவதை வைக்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது,
சல்லடையிலிருந்து விழுந்த மாவுபோல
நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து நின்றது குவியல்.

அவளைத் திகைக்க வைத்தது அது இல்லை.
தொட்டியில் ஒரு கிலோக் குட்டிகள் இருந்தன,
மூன்று கிலோப் பெரியவை இருந்தன.
இரண்டு கிலோவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.
எந்த மீனும் இல்லாத இடத்தில்
குவியலின் உச்சி.

மறந்த பிளாஸ்க்கை எடுக்க வந்த ஸ்துர்லா
சுவரைப் பார்த்தான், கணக்குப் போட்டான், சிரித்தான்.
"ஆயிரம் தரம் நிறுத்திருக்கிறாய்.
தொட்டி முழுவதையுமே நிறுத்து முடித்திருக்கலாம்."
"முடித்திருக்கலாம். நாளைக்கு முப்பது தொட்டி வரும்.
நான் பார்த்தது உன் மீனை இல்லை,
இருபத்தைந்து எவ்வளவு தள்ளாடும் என்பதை."
"அந்தத் தள்ளாட்டத்தைப் பாதியாக்கு."
"நூறு மீன் எடுக்க வேண்டும்."
"ஐம்பது?"
"போதாது. பாதிச் சந்தேகத்துக்கு நாலு பங்கு வேலை."
அது அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது.
கொஞ்சம் வேகம் கூட்டினால்
டீசல் எப்படிக் கரையும் என்று அறிந்தவன்.
"அப்படியானால் என் மீன் உண்மையில் எவ்வளவு?"
அவள் குவியலின் இரண்டு தோள்களையும் தொட்டுக் காட்டினாள்.
"இங்கிருந்து இங்கே வரைக்கும்
ஒரு நாள் கூலியை எப்படி வாங்குவது?" என்றான்.
அதற்கு அவளிடம் பதில் இல்லை.

படிவத்தில் எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்.
முதலில் எடுத்ததுதான் செல்லும் என்பது கம்பெனி விதி.
1.86 என்று எழுதினாள்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால்,
நாற்பது பங்கு கூடலாம், குறையலாம் என்று
கூட்டல் கழித்தல் குறியோடு 0.4.
நகல் எடுக்கும்போது ஓரம் விழவில்லை.

அடுத்த வாரம் ஸ்துர்லாவின் தொட்டியில் 2.23 வந்தது.
தாள் இன்னும் சுவரில் இருந்தது.
இன்னொரு தரம் எடு என்று
அவன் கேட்கவில்லை.