வடந்தையின் நீளம்

அறுநூற்று நாற்பத்திரண்டு மீட்டர் என்கிறான் மாதேஷ்.
இல்லாத கப்பலுக்கு
அரை மீட்டர்கூட விட்டுத்தர மாட்டான்.
ஓசூரில் பிஸ்டன் பின் அளக்கிறவன்,
மைக்ரானுக்குச் சம்பளம் வாங்குகிறவன்.

ஆயிரத்து நூறு என்கிறாள் ஷமீமா.
மாங்கூழ் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
விரலில் இன்னும் பெங்களூரா வாசத்தோடு
டீ கிளாஸை வடந்தையாக்கிச் சாய்க்கிறாள்:
"ஒன்பதாம் பாகத்துல கதவைத் திறந்துக்கிட்டு
ஒருத்தன் வெளிய வருவான் பாரு,
அவனை அஞ்சரை அடின்னு வை.
இப்ப கதவுங்கள எண்ணு."
"அவன் அஞ்சரை அடின்னு யாரு சொன்னது?"
"அவன் மூஞ்சியே சொல்லுது."

ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு அடியில்
மணி பன்னிரண்டே கால்.
கோட்டை மலை இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக நிற்கிறது.
அதன் உயரத்தைப் பற்றி
எங்களுக்குள் இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை.

என் கட்சி வேறு.
நீளம் எதுவானால் என்ன,
இறக்கை எதற்கு?
காற்றே இல்லாத இடத்தில்
எதைத் தள்ளப்போகிறது அது?
நாலு வருஷமாகக் கேட்கிறேன்.
"கல்யாணக் காருக்கு மாலை எதுக்கு?" என்பான் திம்மராயன்.
கிரானைட் அறுக்கும் பட்டறை அவனுக்கு,
கல்லைத் தவிர எல்லாவற்றிடமும் இளகிப்போவான்.
"வெறும் குழாய் மாதிரி பறந்திருந்தா
நீ பார்த்திருப்பியா, சொல்லு."
பார்த்திருக்க மாட்டேன்.
அதை மட்டும் அவனிடம் சொல்ல மாட்டேன்.

எல்லோரும் தோற்ற கேள்வி ஒன்று உண்டு.
வடந்தையின் வால் நுனியில்
ஒரே ஒரு ஜன்னல்.
பதினான்காம் பாகத்தில் மூன்று விநாடி
மஞ்சளாக எரியும்.
இன்ஜினுக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டில்
யார் குடியிருப்பார்?
வரைஞ்சவன் தப்பு என்றான் மாதேஷ்.
கக்கூஸ் என்றாள் ஷமீமா.
திம்மராயன் யோசித்து, சாமி ரூம் என்றான்.
மூன்றையும் நோட்டில் எழுதி
மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

அப்போதுதான் வந்தது.
முதலில் சிவப்பு விளக்கு சுழலும் ஜீப்,
பிறகு விசில், "பைக்கை எடுங்க, பைக்கை எடுங்க",
பிறகு இழுவை வண்டி,
பிறகு
அது.
டீக்கடை பல்பைத் தாண்டியும் வந்தது,
பஞ்சர் கடையைத் தாண்டியும் வந்தது,
முடிந்துவிட்டது என்று கிளாஸை எடுத்தபோதும் வந்துகொண்டிருந்தது.
வெள்ளையாக, வழவழவென்று,
ஒரு ஆணித் தடம்கூட இல்லாமல்.
காற்றாலை இறக்கை.
இறக்கைதான். இலை அசையாத ராத்திரியில்,
ரோட்டில், படுத்தபடி.
திம்மராயன் என்னைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்க்கவில்லை.
டீ ஆடை கட்டியது.

பெங்களூர் பக்கம் திரும்ப வேண்டும்.
திரும்பாது என்றான் மாதேஷ்,
கண்ணாலேயே ஆரம் அளந்து முடித்து.
திரும்பியது.
தலை ஒரு பக்கம் போக
வால் அதற்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி,
விளக்குக் கம்பத்துக்கு நாலு விரல் மிச்சம் வைத்து.

வாலில், கடைசிச் சக்கரங்களுக்கு மேல்
தகர டப்பா மாதிரி ஒரு கேபின்.
உள்ளே மஞ்சள் பல்பு.
மஃப்ளர் கட்டிய ஒருத்தன்
தனக்கென்று இன்னொரு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
முன்னால் ஓட்டுகிறவன் முகம் தெரியாமலே
வாக்கிடாக்கியில்
"வுடு, வுடு, இன்னும் வுடு" என்றபடி
எங்களைக் கடந்து போனான்.
ஒரு மூன்று விநாடி இருக்கும்.

ஷமீமா கையிலிருந்த வடந்தையை
பெஞ்சில் இறக்கினாள்,
மெதுவாக, வால் முதலில்.

நோட்டைத் திறந்து
கேள்விக்குறிகள் மூன்றையும் அடித்தேன்.
வால் ஜன்னல்: ஒரு ஆள். மஃப்ளர் உண்டு.

"அப்ப அந்த ஜன்னல் மூணு அடி," என்றாள் ஷமீமா.
"மூணு அடின்னா மொத்தக் கப்பல்..."
"அவன் உக்காந்திருந்தான்," என்றான் மாதேஷ்.

இன்னொரு டீ சொன்னோம்.