முன்பணம்

வீட்டைக் காலிசெய்யும்போது
புதிதாக வாங்கிய ஒரே பொருள் வினிகர்.
தெயின்ஜி சந்தையில் 'ஷாலகாயே' என்று கேட்டேன்.
ஊறுகாய் போடவா என்றாள் கடைக்காரி.
இல்லை,
ஆறு லட்சம் கியாட்டை மீட்க.

ஐம்பத்தொன்றாம் தெரு, ஐந்தாம் மாடி.
வீட்டுக்கார டோ கின் சானுக்கு
மூக்குக்கண்ணாடி இரண்டு:
வாடகை எண்ண ஒன்று, சுவர் பார்க்க ஒன்று.
கறைக்கு இவ்வளவு என்று
நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

பீரோவுக்குப் பின்னால்
ரங்கூன் மழை வளர்த்த பூஞ்சைக்கு
இரண்டு தடவை துடைப்பு.
கெட்டிலின் அடியில் படிந்திருந்த உப்பு
ஒரு ராத்திரி ஊறி
காலையில் தோசைபோல் பெயர்ந்து வந்தது.
சோடா மாவையும் சேர்த்துப் போடு என்றாள்
கீழ்வீட்டு மரியபுஷ்பம்.
போட்டேன். பொங்கியது, இரைந்தது,
கொஞ்ச நேரத்தில் இரண்டும் வெறும் தண்ணீர்.
எங்கள் வீட்டுச் சண்டை மாதிரி.
தனித்தனியாக விட்டிருந்தால்
ஏதாவது வேலை நடந்திருக்கும்.

கடைசியாக வாசல் நிலை.

பச்சைப் பெயின்ட்டின் மேல்
வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு இழுப்புகள்.
தம்பி அருளானந்து
நடுராத்திரி லாரியை விட்டுவிட்டு ஏறி வருவான்,
வெற்றிலைக்குத் தடவி விரலில் மிஞ்சியதை
நிலையில் துடைத்துவிட்டுத்தான்
செருப்பைக் கழற்றுவான்.
மரமா அது, உன் கைக்குட்டையா என்று
எத்தனை நாள் கத்தியிருப்பேன்.
திஞ்ஜான் முடிந்த மறுநாள்
மியாவடி பஸ் ஏறினான்.

கோடுகள் எல்லாம் அவன் தோளுயரத்தில்.
ஒன்று மட்டும் கீழே, முழங்காலுக்குச் சற்று மேல்.
ஷூ நாடா கட்டக் குனிந்தபோது வைத்தது.
அதற்கு முன் அவன் ஷூ போட்டு நான் பார்த்ததில்லை.

துணியை நனைத்து வைத்தேன்.
சுண்ணாம்பு நுரைத்தது.
காதைக் கொண்டுபோனால் ஒரு சத்தம்,
சூடான கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல,
அதைவிடச் சின்னது.
அப்புறம் பச்சை.
பதினேழு கோடு.
கீழே இருந்ததையும்தான்.
ஆறு லட்சம் என்றால் சும்மாவா.

டோ கின் சான் வந்தாள்,
இரண்டாவது கண்ணாடியை மாட்டினாள்,
நிலையை விரலால் தடவிப் பார்த்தாள்.
மூக்கைச் சுளித்தாள்.
புளித்த வாடைக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று
நோட்டைப் புரட்டினாள்.
அதற்கு விலை எழுதியிருக்கவில்லை.

ஜன்னலைத் திறந்து வையுங்கள்,
இரண்டு நாளில் போய்விடும் என்றேன்.

என் கையில் நான்கு நாள் இருந்தது.