புள்ளிக்கு முன் ஒரு பூச்சியம்

காட் மீன் பிடிக்கக் கூடாதென்று
அரசு அறிவித்த கோடையில்
மெல்வினா டிராட்ஜுக்கு வயது இருபத்தாறு.
பொனவிஸ்டா ஆலையில் மீன் கிழித்த கை,
தராசு சொல்லும் முன் எடை சொல்லும் கை.
ஆலையைப் பூட்டியவர்கள் ஒரு படிவம் நீட்டினார்கள்:
தச்சுவேலை, முடிதிருத்தல், கணினி, செவிலி உதவி.
கடைசிக் கட்டத்தில் குறியிட்டாள்.
மற்ற மூன்றுக்கும் வரிசை நீளமாம்.
இதை அவளே சொன்னாள்.
தொண்டு, தெய்வ அழைப்பு என்று யாராவது தொடங்கினால்
எழுந்து தேநீர் போடப் போய்விடுவாள்.

ஓராண்டுப் படிப்பு.
பிறகு செயின்ட் ஜான்ஸ், குழந்தைகள் மருத்துவமனை.
பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில்: உதவியாளர்.
துடைக்கலாம். தூக்கலாம்.
நனைந்த துணியைத் தராசில் வைத்து
பிள்ளை எவ்வளவு பெய்தது என்று எழுதலாம்.
ஊசி போடக் கூடாது,
எடுத்துப்போகலாம்.

அப்படித்தான் ஒரு பிப்ரவரி இரவு
மருந்தகத்தில் நான் நிரப்பிக் கையெழுத்திட்ட
ஊசிக்குழலை எடுத்துப்போனாள்.
குடல் அறுவை முடிந்த பிள்ளை. மூன்று கிலோ.
வலிக்கு மார்ஃபின்.
நாலாவது மாடியிலிருந்து தொலைபேசி:

“இது குழந்தைக்கா,
இல்லை, அதைப் பெற்றவளுக்கா?”

பெயரைத் தமிழில் பிரித்தால் வருவது போலவே
மெல்லத்தான் வினவினாள்.
நான் எரிந்து விழுந்தேன்.
உதவியாளர்கள் எப்போதிலிருந்து கணக்குப் பார்க்கிறார்கள்?
“கணக்கு இல்லை சார். கை கனக்கிறது.”

வைத்துவிடுவாள் என்று பார்த்தேன்.
வைக்கவில்லை.
அவள் மூச்சுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.
சீட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.
கார்பன் நகல். மூன்று என்றுதான் இருந்தது.
மூன்றுக்கு இடப்பக்கம்
தாளில் ஒரு பள்ளம், எறும்பின் கால் அளவு.
கண்ணுக்குத் தெரியவில்லை,
நகத்துக்குத் தெரிந்தது.

என் மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்.
அன்றிரவு
புள்ளி விழாததால் போகவிருந்தது.

காலையில் ஓர் அறிக்கை எழுதினோம்.
‘பணியாளர் ஒருவர் கவனித்தார்’ என்று அதில் இருக்கிறது.
அந்தப் பணியாளர் மதிய உணவு வேளையில்
பல்கலைக்கழகத்துக்குப் போய்
இன்னொரு படிவம் வாங்கி வந்தார்.

நாலு வருடப் படிப்பு ஆறாக நீண்டது.
இரவு வேலை, பகல் வகுப்பு,
நடுவில் பேருந்தில் கண்ணாடியோடு சாய்ந்த தூக்கம்.
மருந்தியலில் ஒருமுறை தோற்றாள்.
என்னிடம் வந்து கேட்கவில்லை.
பதிவுத் தேர்வு. அதற்கு மேல் குழந்தை மருத்துவச் சான்றிதழ்,
பணம் கட்ட இரண்டு தவணை.
நேர்காணலில் கேட்டார்களாம், ஏன் குழந்தைகள் என்று.
சட்டைக் கையைச் சுருட்டி
மணிக்கட்டில் நாலு பல் பதிந்ததைக் காட்டினாளாம்:
“பெரியவர்கள் வலிக்கவில்லை என்று பொய் சொல்வார்கள்.
இவன் சொல்லவில்லை.”

பிறகு மேலாளர் ஆக்கினார்கள்.
பதினொரு மாதம்.
நாற்காலி சுழல்கிறது, தலையும் சேர்ந்து சுழல்கிறது என்று
கடிதம் கொடுத்துவிட்டு
சம்பளம் குறைந்து வார்டுக்குத் திரும்பினாள்.
முட்டாள்தனம் என்றுதான் நினைத்தேன்.
இன்னமும் கொஞ்சம் நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது இருக்கும்.
எங்கேயாவது தாடி வளர்த்துக்கொண்டு
கடன் கட்டிக்கொண்டிருப்பான்.
அவனுக்கு எங்கள் இருவரையும் தெரியாது.

இப்போது எல்லாம் கணினி.
புள்ளிக்கு முன் பூச்சியத்தை அதுவே போட்டுவிடுகிறது.
ஆனாலும் இரவுப் பணியில்
குழந்தைகளின் மருந்தை நானே மேலே கொண்டுபோகிறேன்,
மூட்டுவலியோடு, மின்தூக்கியை நம்பாமல்.

நேற்றுக் காற்று துறைமுகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.
ஜன்னல் அதிர்ந்ததில்
தராசின் எண் நிற்காமல் துள்ளியது.
பிள்ளைமேல் படாமல் ஒரு கையைக் குடையாகப் பிடித்தபடி
எண் அடங்கும்வரை நின்றாள்.
எழுதினாள்.
பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

ஊசிக்குழலை நீட்டினேன்.
வாங்கி, சீட்டைப் பார்க்கும் முன்
உள்ளங்கையில் ஒரு கணம்
வைத்திருந்தாள்.