திரும்பும் பக்கம்

டேப் ஓடத் தொடங்கினால் அறை முழுக்கக் கிறீச்சிடல்,
டிவியின் ஓரங்களில் மஞ்சளும் நீலமுமாய்க் கோடுகள்.
ஆறு நிமிடம். அதற்குள் பில்பாவோவில்
மழை ஒருமுறை நின்று மறுபடி பிடித்துக்கொள்ளும்.
மாடிவீட்டு இசஸ்குன் தும்மினால்கூட டேப் கெட்டுவிடுமென்று
அசியேர் மூச்சை அடக்கிக்கொள்வான்.

சனிக்கிழமைக் கார்ட்டூனில் கேப்டன் ரப்போசோ
செக்கச் சிவந்த நரி. கடற்கொள்ளைக்காரன்.
வலது கண்ணில் கறுப்புப் பட்டை.
விளையாட்டில் அவன் கதை வேறு.
புல்லருகே நின்றால் பச்சை நரி,
அலையருகே நீல நரி,
புதையலைத் தொட்டால் பெட்டியோடு சேர்ந்து மஞ்சள்.
நிறத்துக்கு அங்கே சொந்த வீடு கிடையாது.
அசியேர் அதையெல்லாம் மன்னித்தான்.

மன்னிக்காதது ஒன்று.
வலப்பக்கம் நடக்கையில் வலது கண்ணில் பட்டை,
இடப்பக்கம் திரும்பியதும் இடது கண்ணில்.
நினைவகம் போதாமல் எவனோ ஒரே படத்தைப்
புரட்டிப் போட்டிருக்கிறான்.
அது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும்.
அப்போது தெரிந்ததெல்லாம்
எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நரி
நல்ல கண்ணை எங்களுக்குக் காட்டவில்லை என்பதுதான்.

தம்பிக்கு வயது ஏழு.
அவனுக்கும் வலது கண்ணில் பட்டை,
மருந்துக்கடை எலாஸ்டிக்,
சோம்பேறி இடது கண்ணை வேலைக்கு அனுப்ப.
பள்ளியில் அதற்கு வைத்த பெயரை
இங்கே எழுத மாட்டேன்.

'பி' அமுக்கினால் வலம், 'ஓ' அமுக்கினால் இடம்.
நரி திரும்பும்போதெல்லாம் அவன்
கீபோர்டிலிருந்து கையெடுத்து
பட்டையை மறு கண்ணுக்குத் தள்ளினான்.
அந்த ஒரு நொடியில் வௌவால் வந்து மோதும்.
ஐந்து உயிரில் ஒன்று போகும்.
"விடேன், செத்துப்போகிறாய்" என்றேன்.
"கேப்டன் மாற்றுகிறாரே" என்றான்.

மார்ச்சில் டாக்டர் எல்கெசாபல்
எழுத்துப் பலகைக்கு முன் உட்காரவைத்தார்.
இடது கண் ஒரு வரிகூடக் கீழே இறங்கவில்லை.
"எந்தக் கண்ணை மூடச் சொன்னேன்?"
"அது எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்தது."
அம்மா சிரிக்கவில்லை.
டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டேப் அலமாரி உச்சிக்குப் போனது.
கப்பல்தள வேலைநிறுத்தத்தில் இருந்த அப்பாவுக்கு
அம்மா சூப் கொண்டுபோன ஒரு மதியம்
நாற்காலி மேல் நாற்காலி போட்டு எடுத்தோம்.
கடைசி உயிரோடு கோபுரம் வந்துசேர்ந்தான்.
அங்கே ஏணி.

ஏணியில் நரிக்கு முதுகு மட்டும்.
பட்டையும் இல்லை, கண்ணும் இல்லை.
இரண்டு காது, ஒரு வால்.
அசியேர் கொஞ்சம் யோசித்தான்.
பட்டையை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
இரண்டு கண்ணாலும் ஏறினான்.

ஏணிக்கு முடிவு வைக்க மறந்திருந்தார்கள்.
திரைக்கு மேல் திரை, அதே செங்கல், அதே படி.
அம்மாவின் சாவி கதவில் திரும்பும்வரை
ஏறிக்கொண்டேயிருந்தான்.