ஒரு ‘தி’ அதிகம்

கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் கோப்பில்
இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள்.
அதில் கால்வாசி, எந்திரம் படிக்காதவை.
சாய்கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே
மனிதர் மனிதருக்கு எழுதிவைத்தவை:
இங்கே கை வைக்காதே.
பூட்டைப் போட்ட பிறகே முள்ளை நகர்த்து.
இது ஏன் ஓடுகிறதென்று எனக்கும் முழுசாய்த் தெரியாது.

மூன்று நாளாய் அவற்றில் பிழை பொறுக்குகிறேன்.
‘மோனோடானிக்’,
ஒருபோதும் பின்னால் போகாத கடிகாரம்,
மூன்று ‘ஓ’க்களில் ஒன்றை இழந்து நொண்டுகிறது.
‘ரிசீவ்’ வழக்கம்போல்
ஈயும் ஐயும் இடம் மாறி.

கண் பழகிவிட்டது. எங்கும் பிழையே தெரிகிறது.
கே.ஆர். புரத்தில் மழை விட்ட சாயங்காலம்
மாடிப்படியில் கீழ்வீட்டு ஜயலக்ஷ்மம்மா
‘ஹொத்தாயித்து’ என்று பிள்ளைகளை விரட்டுகிறார்.
பொழுதாயிற்று.
முதலெழுத்துத் தப்பு, என்கிறது கை.
இல்லை. யாரோ எப்போதோ
பகரத்தை ஹகரமாகச் சொல்லி
ஒரு நாடே ஒப்புக்கொண்டுவிட்டது.

நானூற்றுப் பதினேழாவது வரியில் நின்றேன்.
லீப் நொடி பற்றிய குறிப்பு.
பூமி சற்றே பிந்திவிட்டால்
அதற்காக ஒரு நொடியைச் செருகவேண்டிய இடம்.
அறுபதாவதுக்கு அறை இல்லாத பொறி
முந்தின நொடியையே
இன்னொரு முறை வாழ்ந்து தீர்க்கும்.
லண்டன் பக்கம் அது நள்ளிரவு.
எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்து இருபத்தொன்பது;
நந்தினி பால் கிரேட்டுகள் இறங்கும் நேரம்.

அந்தக் குறிப்பில்
‘தி தி’ என்று இரண்டு முறை இருந்தது.

எழுதியவர் வேண்டுமென்றே செய்தாரோ?
இருபது வருஷத்துக்கு முந்தைய தேதி.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம்;
அது இப்போது இல்லை.
கேட்க ஆளில்லை.
தமிழாயிருந்தால் அடுக்குத்தொடர் என்று விட்டிருப்பேன்.
பாம்பு பாம்பு, தீ தீ, ஐயோ ஐயோ:
அச்சத்துக்கும் அவலத்துக்கும்
நமக்கு ஒன்று போதாது.
ஆங்கிலத்தில் அது வெறும் பிழை.
ஒன்றை அழித்தேன்.
முதலாவதையா, இரண்டாவதையா,
இனி யாராலும் சொல்ல முடியாது.
ஒரு சொல்லை எடுத்ததற்கு
அந்த வரி முழுக்க என் பெயருக்கு மாறிவிட்டது.

சரிபார்க்கும் ஷெணாய் கேட்டார்:
என்ன சோதித்தாய்?
திருத்துமுன் ஒன்று, திருத்தியபின் ஒன்று,
இரண்டு முறை கர்னலைக் கட்டினேன்.
எதுவும் மாறவில்லை என்று நிரூபிக்க
நாற்பது நிமிடம் மடிக்கணினி விசிறி அலறியது.
பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டேன்.
மாறியிருந்தது ஒன்றே ஒன்று:
கட்டிய நேரம்.

எட்டரைக்குத் தாட்சாயணி கூப்பிட்டாள்.
‘வந்துட்டேன்.’
பின்னால் சில்க் போர்டு ஹாரன்கள்.
அங்கிருந்து இங்கே
மழை நாளில் ஒன்றரை மணி நேரம்.
வராதவர் வந்துவிட்டேன் என்பதற்குப்
பள்ளியில் ஒரு பெயர் சொல்லித்தந்தார்கள்,
கால வழுவமைதி.
விரைவு கருதிச் செய்த பிழை;
ஆகையால் பிழையில்லை.
இரண்டு மதிப்பெண் கேள்வி.

நான் திருத்தவில்லை.
‘வா வா’ என்றேன்.
ரசத்தைச் சுடவைக்க
இன்னும் நிறைய நேரமிருக்கிறது.